மொட்டை மாடி வேலை: யார் முன்னே, யார் பின்னே?

சித்திரை பிறந்துவிட்டால் நம் பங்குக் குடும்பங்களில் கேட்கும் முதற் புலம்பல் மாடியறையின் வெப்பத்தைப் பற்றியதே. பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிக்கொள்ளும் கான்கிரீட் தளம், இரவில் நெடுநேரம் அதனை வீட்டினுள் உமிழ்கின்றது. மின்விசிறி சுழன்றாலும் அனற்காற்றே வீசுகின்றது. முதியோரும் பச்சிளங் குழந்தைகளும் உள்ள இல்லங்களில் இது வெறும் அசௌகரியம் அன்று; உடல்நலத்திற்கே ஊறு. நோயில்பூசுதல் வழங்க மே மாதத்தில் மாடியறைகளுக்கு ஏறிச்சென்ற எந்தக் குருவும் இதனை நன்கறிவார்.

ஆதலின் பலர் தளத்திற்கு வெப்பத் தடுப்புச் செய்ய முற்படுகின்றனர், நல்லதே. ஆயின், கையில் பணம் புரளும் அவ்வேளையில் புதிய தண்ணீர்த் தொட்டி, சூரிய மின் தகடுகள், உள்ளே ஃபால்ஸ் சீலிங், சுவருக்கு வண்ணம் என்று எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கிவிடுகின்றனர். கொத்தனார், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், பெயிண்டர் என ஐவர் ஒரே வீட்டில் நுழைகின்றனர். ஒவ்வொருவரும் தம் தொழிலில் வல்லவர். அடுத்தவர் வேலையை அறியாதவர். பணம் விரயமாவதும் மனம் முறிவதும் இங்கேதான்.

நம் முன்னோர் காலத்தில் இச்சிக்கல் குறைவு. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து தளத்தின்மேல் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டுவர். அதன்மேல் தட்டோடு பதிப்பர். அது வெப்பத்தையும் தடுத்தது. மழைநீரையும் வாட்டமாக ஓடவிட்டது. ஒரே மேஸ்திரி எல்லாவற்றிற்கும் பொறுப்பு. இன்றோ வெள்ளைக் கூலிங் டைல்ஸ், வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு, தெர்மாகோல் போன்ற பலகைகள் எனப் பல முறைகள் வந்துவிட்டன. வசதி குறைந்த குடும்பம் கடன்பட்டு டைல்ஸ் பதிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சே கணிசமான பயன் தரும். மழைக்காலம் கழிந்தபின் அதனைப் புதுப்பித்தால் போதும்.

எம்முறையாயினும் வரிசை ஒன்றே. தளத்தைத் துளைப்பவர் முதலில், மூடுபவர் அடுத்து, அழகுபடுத்துபவர் இறுதியில். மாடிக்குக் கைப்பிடிச்சுவர் இல்லையேல் அதுவே முதல் வேலை. புதுவீட்டின் கூரைக்குக் கைப்பிடிச்சுவர் வேண்டுமென இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் இறைவன் கட்டளையிட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை! பின்னர் தொட்டியின் தாங்குசுவர், மின் தகடுகளுக்கான கான்கிரீட் கட்டைகள், குழாய்கள், மின்கம்பி செல்லும் பைப்புகள், மழைநீர்க் குழாய்களின் வாய்கள். இவை யாவும் முடிந்தபின்னரே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு.

பூச்சு காய்ந்ததும் மழைநீர் வாய்களை அடைத்து, தளத்தில் இரண்டு மூன்று நாட்கள் நீரைத் தேக்கி வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இதுவே. கசிவில்லை எனக் கண்டபின் ஓடு பதிக்கலாம். உள்ளே ஃபால்ஸ் சீலிங் அதற்கும் பின்னரே. முன்னதாகப் போட்டுவிட்டால் கசிவை அது மறைத்துவிடும். தெர்மாகோல் எளிதில் தீப்பற்றும். எனவே வெல்டிங் வேலை எதுவும் மிச்சமிருக்கையில் அதனை மாடிக்கு ஏற்றவே கூடாது.

முன்பு நான் பணியாற்றிய பங்கொன்றில் நடந்ததைக் கூறுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மாடியறையில் படுக்கையிலிருந்த தம் தாயாருக்காக மாசியில் டைல்ஸ் பதித்தார். ஒரு மழை பார்த்துவிட்டுத் தருவதாக மேஸ்திரியின் கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார். வைகாசியில் மின் தகடு பொருத்த வந்தவர்கள், பதித்த ஓட்டையே துளைத்து இரும்புக் கால்களை முடுக்கிச் சென்றனர். ஐப்பசி மழையில் தாயாரின் கட்டில்மேல் நீர் சொட்டிற்று. பழி மேஸ்திரிமேல் விழுந்தது. மிச்சக் கூலியும் நின்றது. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அப்பணத்தையே நம்பியிருந்த அவர் பங்கில்லத்திற்கு வந்தார். "சாமி, நான் போட்ட ஓட்டுமேல இருபது ஓட்டை போட்டுட்டுப் போனாங்க. மழைத்தண்ணி என்னையக் கேட்டா இறங்கும்?" என்றார்.

இருவரும் ஒரே அன்பியத்தார். ஆனால் திருப்பலியில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை. மழை விட்டதும் ஒவ்வோர் இரும்புக் காலைச் சுற்றியும் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி நீரூற்றிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் நான்காம் காலின் நேர்கீழே ஈரம் படர்ந்தது. ஆசிரியர் நேர்மையானவர், அன்று மாலையே பணத்துடன் மேஸ்திரி வீட்டிற்குச் சென்றார். அவரும் பெற்றுக்கொண்டார். எனினும் அந்த ஓட்டைகளை அடைக்க அழைத்தபோது அவர் வரவில்லை. வேறு ஆள்தான் வந்து அடைத்தார்.

கூலியை நிறுத்திவைப்பதே தவறென நான் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு, எந்நாள் வரை, எதற்காக என்பதை வேலை தொடங்குமுன் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். நாட்கூலிக்கு வரும் சித்தாளின் பணத்தில் அதுவும் கூடாது. அவருக்கு அன்றைய கூலி அன்றே. திருச்சபையின் சமூகப் போதனை 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல் முதலாகவே நியாயக் கூலியை வலியுறுத்தி வருகிறது. பெருமுதலாளிகளுக்கு மட்டும் சொன்னதாக எண்ணி நாம் அதைக் கடந்துவிடுகிறோம்.

ஐவரையும் ஒருநாள் மாலை வீட்டிற்கழைத்து, காப்பி கொடுத்து, மாடியில் நிறுத்திப் பேசுவது மிக்க பயன் தரும். துளை எங்கே, குழாய் எங்கே என்று சுண்ணக்கட்டியால் தளத்திலேயே குறித்துவிடலாம். வேலைகளை ஒரு நோட்டில் எழுதி, மேற்பார்வையை ஒருவரிடமே விட வேண்டும். அண்ணன் ஒன்றும் தம்பி வேறொன்றும் சொன்னால் கொத்தனார் என் செய்வார்? பெரும்பாலும் இப்பொறுப்பை இல்லத்தரசியே திறம்படச் செய்வார் என்பது நான் கண்டது.

பொங்கல் கழிந்து பங்குனிக்குள் தளவேலையை முடிப்பது நலம். கத்திரி வெயிலில் பூசினால் நீர் தெளித்துப் பதமாற்றுவது கடினம், வெடிப்பு விழும். வண்ணம் பூசுவதை, தளம் நன்கு உலர்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறக்குமுன் மாடிக்கு ஒருமுறை ஏறி, மழைநீர் வாய்களில் அடைத்திருக்கும் சருகுகளை அகற்றிவிடுங்கள்.