தானே நிமிரும் கால்கள்

கல்முனைப் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கப் பழகிவிட்டால், வீட்டுக்கு வருகிறவர்களின் பார்வை முகத்திலிருந்து காலுக்கு இறங்கிவிடும். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு சின்னப் பந்து புகுந்து போகும் போலிருக்கும். “மகள், புள்ளட காலப் பாத்தயா? வில்லு மாதிரி வளஞ்சிரிக்கி. இடுப்புல வெச்சி வெச்சித் தூக்கித்தான் இப்பிடி” என்பார் பக்கத்து வீட்டு ராத்தா. உம்மாவுக்கு அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் உம்மம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்து காலை நீவத் தொடங்குவார். பம்பஸ், ஏணை, வோக்கர் என்று குற்றவாளிகளின் பட்டியலும் நீளும்.

ராத்தா சொன்னதில் பாதி சரி. கால் வளைந்துதான் இருக்கிறது. வளைத்தது இடுப்பல்ல, கருப்பை.

பிறக்கும்போது பிள்ளையின் நீளம் சுமார் 50 சென்ரி மீற்றர், ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவு நீளம் வயிற்றுக்குள் கொள்ளாது. தொடையை வயிற்றோடு ஒட்டி, முழங்காலை மடக்கி, பாதங்களைக் குறுக்காகப் போட்டுத்தான் கடைசி வாரங்களைக் கழிக்கிறது. அந்த இருப்பின் தடம் பிறந்த பிறகும் காலில் இருக்கும். 10 முதல் 15 பாகை வரை முழங்கால் வெளிப்பக்கமாக விலகியிருக்கும். 15 பாகை என்றால் கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் இடையிலுள்ள கோணத்தில் பாதி. இதை வில்கால் என்று சொல்லலாம். கீழ்க்கால் எலும்பு உள்நோக்கிக் கொஞ்சம் முறுக்கியும் இருப்பதால், வளைவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நடக்கத் தொடங்கியதும் எல்லார் கண்ணிலும் படுகிறது, அவ்வளவுதான்.

இந்த வளைவுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. 1975இல் பின்லாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கால்களை எக்ஸ்ரேயில் அளந்து பார்த்தார்கள். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் கால் நேராகிவிடுகிறது. ஆனால் அங்கே நிற்பதில்லை! மறுபக்கம் சாய்கிறது. மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டி, பாதங்கள் விலகி நிற்கின்றன. இது முட்டுக்கால். பிறகு மெல்லத் திரும்பி, ஆறேழு வயதில் பெரியவர்களின் கால் எப்படியிருக்குமோ அந்த அளவில் வந்து நிலைக்கிறது. ஊஞ்சல் ஒரு பக்கம் போய், மறு பக்கம் போய், அடங்குவதைப் போல.

யார் இதைச் செய்கிறார்கள்? முழங்காலுக்கு மேலும் கீழும் ஒளிந்திருக்கும் இரண்டு மெல்லிய குருத்தெலும்புப் படைகள். வளர்தட்டு என்று பெயர். எலும்பு நீளும் இடம் இதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு அங்கே முறிந்ததுபோல ஓர் இடைவெளி தெரிந்து உம்மாமாரைப் பயமுறுத்தும். நாணயங்களை அடுக்கியதுபோலக் கலங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு முனையில் புதிய கலங்கள் பிறக்கின்றன. மறுமுனையில் பழையவை பல மடங்கு ஊதி, மடிந்து, அவற்றைச் சுற்றிச் சுண்ணம் படிந்து எலும்பாகிறது. காலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வளர்ச்சி இந்த இரண்டு தட்டுகளின் வேலை. பள்ளிக்கூட வயதில் தொடையெலும்பின் கீழ்த்தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரி மீற்றர் கூட்டுகிறது. நாளொன்றுக்குத் தலைமயிரின் தடிப்பில் பாதிகூட இல்லை. குழந்தையில் வேகம் இதைவிட அதிகம். முதல் வருடத்தில் பிள்ளை பிறந்த நீளத்தில் பாதியளவு வளர்ந்துவிடுகிறது. ஐந்தரை அடி வாப்பா அதே வேகத்தில் வளர்ந்தால், அடுத்த நோன்புப் பெருநாளைக்கு எட்டேகால் அடி. வாசல்நிலையைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.

சரி, நீள்கிற தட்டு நிமிர்த்துவது எப்படி? வில்காலில் உடம்பின் பாரம் முழங்காலின் உட்பக்கத்தில் கூடுதலாக இறங்குகிறது. அளவான பாரம் வளர்தட்டுக்குத் தூண்டுகோல் என்று விளக்குகிறார்கள். உட்பக்கம் கொஞ்சம் வேகமாக வளர, கால் நேராகிறது. கடற்கரையில் சாய்ந்த தென்னையைப் பாருங்கள். யாரும் அதற்கு முட்டுக் கொடுப்பதில்லை. ஒரு பக்கம் கூடுதலாக வளர்ந்து வளர்ந்து நுனியை வானத்துக்குத் திருப்பிக்கொள்கிறது.

1741இல் பாரிஸில் நிக்கொலா அன்ட்ரி என்ற முதிய வைத்தியர் ‘ஓர்த்தோபீடி’ என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். கிரேக்கத்தில் ‘நேர்’, ‘பிள்ளை’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. இன்று எலும்பு வைத்தியம் முழுவதற்கும் அதுதான் பெயர். அவருடைய நூலில் வளைந்த இளமரம் ஒன்றை நேரான கம்போடு கட்டியிருக்கும் படம் இன்றும் அந்தத் துறையின் சின்னம். எங்கள் கரையில் நின்று பார்த்திருந்தால் அன்ட்ரி கம்பை விட்டுவிட்டுத் தென்னையை வரைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

பாரம் அளவு மிஞ்சினால் கதை தலைகீழ். கடும் அழுத்தம் வளர்தட்டை மந்தமாக்கும் என்பதை 1862இலேயே ஹியூட்டர், வொல்க்மன் என்ற இரு ஜேர்மன் சத்திரசிகிச்சையாளர்கள் சொல்லிவிட்டார்கள். எடை கூடிய, மிகச் சீக்கிரம் நடக்கத் தொடங்கிய சில பிள்ளைகளில் கீழ்க்கால் எலும்பின் உட்பக்கத் தட்டு நசுங்கி, வளைவு கூடிக்கொண்டே போகும். 1937இல் இதை விரிவாக எழுதிய அமெரிக்கரின் பெயரால் புளவுண்ட் நோய் என்பார்கள். இதற்கான சிகிச்சைகளில் ஒன்று என்னை வியக்க வைப்பது. வெளிப்பக்க வளர்தட்டின் குறுக்கே விரல்நகமளவு உலோகத் தகடு ஒன்றை இரண்டு திருகாணியால் பொருத்துகிறார்கள். அந்தப் பக்கம் காத்திருக்க, உட்பக்கம் வளர்ந்து ஈடுசெய்கிறது. கால் நேரானதும் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். எலும்பை வெட்டவே தேவையில்லை.

வளைவு நேராகாமல் போவதற்கு இன்னொரு காரணம் ரிக்கெட்ஸ். விட்டமின் டி போதாமல் வளர்தட்டில் சுண்ணம் ஏறாத நோய். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர், ரிக்கெட்ஸ் கண்ட பிள்ளையின் ஒரு கையில் மட்டும் புற ஊதா விளக்கைக் காட்டினார். இரண்டு கையும் குணமாகின. தோலில் உண்டான ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடி மறுகைக்கும் போயிருக்கிறது!

கல்முனையில் சூரியன் வருடத்துக்கு இருமுறை, ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும், தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்படியும் விட்டமின் டி குறையலாம். வெயில் தோலில் பட வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வரும் வெளிச்சம் உதவாது. பிள்ளை பெற்று நாற்பது நாள் அறைக்குள் இருக்கும் தாய்க்கும், உடல் மூடி வெளியே போகும் தாய்க்கும் கையிருப்புக் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும். தாய்ப்பாலில் ஏறத்தாழ எல்லாம் உண்டு, ஆனால் இந்த விட்டமின் சொற்பம். சொட்டு மருந்து தேவையா என்று வைத்தியரிடம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு முட்டை மஞ்சட்கருவும் முள் எடுத்த சூடை, கீரி மீனும் கொடுக்கலாம்.

உம்மம்மாவின் நீவுதல் காலை நிமிர்த்தாது. மெதுவாகச் செய்தால் பிள்ளைக்குச் சுகமாயிருக்கும், செய்யட்டும். ஆனால் காலை நேராக இழுத்துத் துணியால் இறுகக் கட்டுவது கூடாது. இடுப்பு மூட்டு நழுவக்கூடும். ஜப்பானில் 1975இல் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பிரசாரம் செய்தபின் இடுப்பு நழுவுவது வெகுவாகக் குறைந்தது. ராத்தா குறை சொன்ன அதே இடுப்பில் காலை அகட்டி வைத்துத் தூக்குவது, பிள்ளையின் இடுப்பு மூட்டுக்கு நல்லது.

கவலைப்பட வேண்டிய இடங்கள் இவை: ஒரு கால் மட்டும் வளைவது, இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடுவது, நொண்டுவது, மணிக்கட்டு தடிப்பது, வளர்ச்சி பின்தங்குவது, கணுக்கால்களைச் சேர்த்து வைக்கும்போது முழங்கால்களுக்கு இடையில் 6 சென்ரி மீற்றருக்கு மேல் இடைவெளி இருப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை ஒரே இடத்தில் நிறுத்திப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் நிறை பார்த்தபின், அந்தப் படங்களையும் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்.