ரைஸ் குக்கர்ல சாதம் அடிப்பிடிக்குதா? பாத்திரத்தோட அடியைப் பாருங்க!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, ரைஸ் குக்கரை ஆன் பண்ணிட்டுக் குளிக்கப் போறீங்க. திரும்பி வந்தால் சாதம் அடிப்பிடிச்சிருக்கு. குக்கர் போச்சா? அவசரப்படாதீங்க.

உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நிற்கும். அரிசி தண்ணீரை இழுத்ததும் சூடு ஏறும். ஹீட்டர் தட்டின் நடுவில் இருக்கும் காந்தம் அப்போது பிடியை விடும். சுவிட்ச் 'டக்'னு 'வார்ம்'க்கு மாறும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு பருக்கை சிக்கினாலும் காந்தத்துக்குச் சூடு சரியாக எட்டாது. சுவிட்ச் லேட்டாக விழும், சாதம் கருகும்.

அதனால் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை ஈரம் போகத் துடைச்சிட்டு வையுங்க. பிளக்கைக் கழற்றி, தட்டு ஆறியதும் உலர்ந்த துணியால் துடையுங்க. குக்கரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. ஷாக் அடிக்கும் ஆபத்து இருக்கு. இதையெல்லாம் செய்தும் கருகினால் மட்டும் மெக்கானிக்கிடம் போங்க.