விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை: குழந்தைகளுடன் பயணிப்போர் அறிய வேண்டியவை

புது தில்லி: பள்ளி விடுமுறைக் காலங்களில் விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனைப் பகுதியில் குழந்தைகளுடன் வரும் குடும்பங்களின் கூட்டம் அதிகரிப்பது வழக்கம். அறிமுகமற்றவர் தொட முயன்றால் 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும் என வீட்டிலும் பள்ளியிலும் கற்பிக்கப்பட்ட குழந்தை, அங்கே சீருடை அணிந்த ஒருவர் முன் கைகளை விரித்து நிற்க நேரிடுகிறது. இந்த முரண்பாட்டைக் குழந்தைக்கு எப்படி விளக்குவது என்ற தயக்கம் பெற்றோர் பலருக்கு உண்டு.

பாதுகாப்புச் சோதனையைத் தவிர்க்க இயலாது. அதற்கு உடன்பட மறுப்பவர் விமானத்தில் ஏற முடியாது. ஆனால், அந்தச் சோதனை யார் முன்னிலையில், எவ்விதமாக நடைபெற வேண்டும் என்பது குறித்துப் பெற்றோர் கேட்டுப் பெறக்கூடியவை உள்ளன.

சோதனை நடத்துவது யார்?

இந்திய விமான நிலையங்களுக்கான பாதுகாப்பு விதிகளை வகுப்பது, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பாகும் (பிசிஏஎஸ்). 1978-ல் சிறு பிரிவாகத் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, 1985-ல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் தகர்க்கப்பட்டதைத் தொடர்ந்து, 1987-ல் தனித் துறையாக மாற்றப்பட்டது.

இந்த விதிகளைச் சோதனைப் பகுதியில் நடைமுறைப்படுத்துவது, பெரும்பாலான முக்கிய விமான நிலையங்களில், மத்திய தொழில் பாதுகாப்புப் படை (சிஐஎஸ்எஃப்). 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பின்னர், 2000-ல் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் பாதுகாப்புப் பொறுப்பு படிப்படியாக இந்தப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

குழந்தைகளைச் சோதிப்பது ஏன்?

குழந்தை மீதான சந்தேகம் இதற்குக் காரணம் அல்ல. குழந்தையிடம் யாரும் சந்தேகம் கொள்ளமாட்டார்கள் என்ற எண்ணத்தைப் பெரியவர்கள் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதே காரணம்.

1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், இஸ்ரேல் செல்லவிருந்த அயர்லாந்தைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவரின் பையில் வெடிபொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அவரது காதலர் அவருக்குத் தெரியாமலேயே அதை மறைத்து வைத்திருந்தார். குற்றமற்ற ஒருவர் வழியாகவும் ஆபத்து வரக்கூடும் என்பதற்கு அந்த நிகழ்வு இன்றளவும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. குழந்தைகளின் டயப்பருக்குள் தங்கத்தை மறைத்துக் கடத்த முயன்றவர்கள் இந்திய விமான நிலையங்களிலும் பிடிபட்டுள்ளனர். எனவே, வயதைக் காரணம் காட்டி முழு விலக்கு அளிக்கப்படுவதில்லை.

என்ன நடைபெறும்?

கைப்பைகள், செல்பேசி, மடிக்கணினி ஆகியவற்றுடன் குழந்தையின் தள்ளுவண்டியும் எக்ஸ்-ரே இயந்திரத்தின் வழியாக அனுப்பப்படும். அதற்கு முன் குழந்தையை வண்டியிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையைப் பெற்றோரே ஏந்தியபடி, கதவு வடிவிலான உலோகம் கண்டறியும் சாதனத்தின் வழியாக நடந்து செல்லலாம்.

அடுத்து, மேடை போன்ற சிறு பலகையின் மீது நிற்கச் செய்து, கையடக்கச் சாதனத்தால் உடல் முழுவதும் சோதனையிடப்படும். அது ஒலி எழுப்பினால், அந்த இடத்தை ஆடையின் மேலாகத் தொட்டுப் பார்ப்பர். பெண் பயணிகளைத் திரையிட்ட தடுப்புக்குள் பெண் காவலர்களே சோதனையிடுவர். சிறு குழந்தைகள் பொதுவாகத் தாய் அல்லது தந்தையுடன் சேர்ந்தே சோதிக்கப்படுகின்றனர்.

குழந்தைகள் அணியும் வெள்ளிக் கொலுசு, அரைஞாண், காப்பு, தாயத்து போன்றவை உலோகம் என்பதால் சாதனம் ஒலி எழுப்பக் காரணமாகின்றன. பயண நாளில் இவற்றைத் தவிர்த்தால், தொட்டுச் சோதிக்கும் தேவை பெருமளவு குறையும்.

குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகியவற்றை ஒட்டிய நாட்களில், விமானத்தில் ஏறுவதற்கு முன் இரண்டாவது முறையும் சோதனை நடத்தப்படலாம். இதைக் குழந்தையிடம் முன்கூட்டியே கூறிவிடுவது நல்லது.

கதிர்வீச்சு அச்சம் தேவையா?

கதவு வடிவச் சாதனமும் கையடக்கச் சாதனமும் காந்தப்புலத்தின் உதவியால் உலோகத்தைக் கண்டறிபவை. இவற்றில் எக்ஸ்-ரே கதிர் பயன்படுத்தப்படுவதில்லை. பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தில் மட்டுமே எக்ஸ்-ரே உள்ளது. 2006 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் மூதாட்டி ஒருவர் தம் பேரக்குழந்தையைத் தட்டில் வைத்து அந்த இயந்திரத்துக்குள் தவறுதலாக அனுப்பிவிட்டார். குழந்தைக்குப் பாதிப்பு ஏற்படவில்லை என மருத்துவர்கள் தெரிவித்தனர். எனினும், தட்டுகளில் பொருட்களை வைக்கும் அவசரத்தில் குழந்தை ஒருவரது கையில் இருப்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

விதியை மாற்றிய காணொலி

தொட்டுச் சோதிக்கும் முறை குழந்தைகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்ற விவாதம் அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. 2011 ஏப்ரலில், நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் ஆறு வயதுச் சிறுமி சோதனையிடப்படும் காணொலி பரவலாகப் பகிரப்பட்டது. விதிகளின்படியே சோதனை நடைபெற்றதாக அதிகாரிகள் விளக்கமளித்தனர். ஆனால், விதியே சரிதானா என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், 12 வயது வரையிலானோர் காலணிகளைக் கழற்ற வேண்டியதில்லை என்றும், அவர்களைத் தொட்டுச் சோதிப்பது குறைக்கப்படும் என்றும் அந்நாட்டு அரசு அறிவித்தது.

பெற்றோர் எழுப்பும் கேள்வி பாதுகாப்புக்கு இடையூறு ஆகாது என்பதும், அதனால் நடைமுறை மேம்படக்கூடும் என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது.

என்ன கேட்கலாம்?

குழந்தையைத் தம் கண் பார்வையிலேயே வைத்துச் சோதிக்குமாறு பெற்றோர் கேட்கலாம். முதலில் தம்மைச் சோதித்துக் காட்டும்படி கோரலாம். தாயையோ தந்தையையோ சோதிப்பதைப் பார்த்த குழந்தைக்கு அச்சம் குறையும். எந்த இடத்தைத் தொடப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லும்படி காவலரிடம் பணிவுடன் கேட்பதில் தவறில்லை. கூட்ட நெரிசலில் தாய் ஒரு வரிசையிலும் தந்தை வேறு வரிசையிலும் பிரிய நேர்வதால், குழந்தை யாருடன் வரும் என்பதை வரிசைக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆட்டிசம் போன்ற பாதிப்புள்ள குழந்தைகளுக்குத் திடீர் ஒலியும் அந்நியரின் தொடுதலும் கடும் மன அழுத்தத்தைத் தரக்கூடும். அத்தகைய குழந்தைகளின் நிலையைச் சோதனைக்கு முன்பே காவலரிடம் தெரிவிக்க வேண்டும். வெளிப்படையாகத் தெரியாத குறைபாடு உள்ளவர்களை அடையாளம் காண உதவும் சூரியகாந்திப் பூ பொறித்த கழுத்துப்பட்டை, 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் அறிமுகமானது. பெங்களூரு உள்ளிட்ட சில இந்திய விமான நிலையங்களும் இதைப் பின்பற்றுகின்றன.

குழந்தையிடம் என்ன சொல்வது?

"அழுதால் போலீஸ் பிடித்துக்கொள்ளும்" என்று மிரட்டி அமைதிப்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். அச்சத்தால் பணியப் பழகிய குழந்தை, உண்மையான ஆபத்தின்போதும் வாய் திறக்காது.

மாறாக, பாதுகாப்புச் சோதனைக்கும் தவறான தொடுதலுக்கும் உள்ள வேறுபாட்டை எளிய சொற்களில் விளக்கலாம். இது எல்லோருக்கும் நடைபெறுகிறது. அம்மா அல்லது அப்பா அருகில் இருக்கிறார். ஆடையைக் களையத் தேவையில்லை. சில நொடிகளில் முடிந்துவிடும். இதில் ரகசியம் ஏதும் இல்லை. இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். வீட்டில் ஒரு கரண்டியைச் சாதனம்போல் பிடித்து விளையாட்டாக ஒத்திகை பார்ப்பது சிறு குழந்தைகளுக்குப் பயன் தரும்.

சட்டமும் இதே வேறுபாட்டைக் காட்டுகிறது. 18 வயதுக்கு உட்பட்டோரைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பாலியல் நோக்கத்துடன் தொடுவதைக் குற்றமாக வரையறுக்கிறது. கடமையின் பொருட்டு நடத்தப்படும் சோதனை இதில் அடங்காது. அதேவேளையில், பாதுகாப்புப் பணியில் இருப்பவரே அக்குற்றத்தைச் செய்தால் அது கடுமையான குற்றமாகக் கருதப்பட்டு, 5 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வழிவகை உள்ளது.

ஆவணங்களும் பொருட்களும்

உள்நாட்டுப் பயணத்தில், செல்லத்தக்க அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் வரும் குழந்தைக்கு, விமான நிலையத்துக்குள் நுழையத் தனி அடையாள அட்டை தேவையில்லை. எனினும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயதுச் சான்றை விமான நிறுவனங்கள் கேட்கும் என்பதால் பிறப்புச் சான்றிதழை உடன் வைத்திருக்க வேண்டும்.

சர்வதேசப் பயணங்களில் திரவப் பொருட்களுக்கு 100 மில்லி லிட்டர் வரம்பு இருந்தாலும், பயண நேரத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. இவற்றைத் தனியே எடுத்து வைத்துக் காண்பித்தால் தாமதம் குறையும். பொம்மைத் துப்பாக்கி, கிரிக்கெட் மட்டை, கத்தரிக்கோல், வடிவியல் பெட்டியில் உள்ள கூர்மையான காம்பஸ் ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காமல், விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பது நல்லது. பவர் பேங்க் மட்டும் கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

எங்கே முறையிடுவது?

சோதனை நடைபெற்ற விதத்தில் குறை இருந்தால், முதலில் அதே இடத்தில் பணியில் உள்ள சிஐஎஸ்எஃப் மேலதிகாரியிடம் தெரிவிக்கலாம். மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர் சேவா' இணையதளத்திலும் செயலியிலும் புகார் பதிவு செய்யலாம். சோதனைப் பகுதிகள் கண்காணிப்பு கேமராக்களின் பார்வையில் உள்ளதால், நாள், நேரம், சோதனை வரிசை எண் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்வது விசாரணைக்கு உதவும். குழந்தைக்குத் தவறான தொடுதல் நேர்ந்ததாகச் சந்தேகம் எழுந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ 112 என்ற அவசர உதவி எண்ணையோ எந்நேரமும் அழைக்கலாம்.