மசாலாப்பொடி பிசினஸா? உங்க வத்தல் எந்த மழையை நம்பி விளையுதுன்னு முதல்ல கேளுங்க!

மதுரையில் என் அண்ணி வீட்டிலேயே சாம்பார் பொடி, குழம்புப் பொடி அரைத்து விற்கிறார். கூட ரெண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு மாசம் தவறாமல் தவணை கட்டணும். வத்தலுக்கு ஒரே கடையை நம்பக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கீழமாசி வீதியில் ரெண்டு கடைகளில் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார். ‘ஒருத்தர் கைவிட்டா இன்னொருத்தர் இருக்காருல்ல’ என்ற தைரியம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அடுத்த மாசி மாதம், புது வத்தல் வரவேண்டிய நேரத்தில் அண்ணி போன் போட்டார். ரெண்டு கடைக்காரர்களும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். “இந்த வருஷம் நமக்கு வரத்தே இல்லம்மா. செடியெல்லாம் தண்ணியில அழுகிப்போச்சு.”

கடைகள்தான் ரெண்டு. ரெண்டு கடைக்கும் சரக்கு வந்தது ஒரே விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து!

ஆர்டர் கையில் இருக்கிறது. அவசரத்துக்கு, முன்பின் தெரியாத ஒருவரிடம் போனிலேயே பேசி, விலை குறைவு என்று நாலு மூட்டை இறக்கினார். பிரித்துப் பார்த்தால் ரெண்டு மூட்டையில் உள்ளே ஈரம், காம்புப் பக்கம் பூஞ்சை. அப்படியே அரைத்திருந்தால் வாங்குபவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணி அரைக்கவில்லை. ரெண்டையும் குப்பையில் கொட்டினார். அந்த மாதத் தவணைக்கு அவருடைய வளையல் அடகுக்கடைக்குப் போனது.

பேக்கிங், லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் ரூம் போட்டு யோசிக்கிறோம். சரக்கு தருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ‘யார்கிட்ட விலை கம்மி’ என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கேதான் சறுக்கல் ஆரம்பம்.

கடையை எண்ணாதீங்க, தண்ணியை எண்ணுங்க

எத்தனை பேரிடம் வாங்குகிறோம் என்பது பாதுகாப்பு இல்லை. அவர்கள் எத்தனை விதமான தண்ணீரை நம்பி இருக்கிறார்கள் என்பதுதான் பாதுகாப்பு.

மசாலாப்பொடியையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் மிளகாய் பெரும்பாலும் மானாவாரிப் பயிர். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பார்கள். பிப்ரவரியிலிருந்து பழம் பறிப்பார்கள். மழை பொய்த்தாலும் சிக்கல், அளவுக்கு மேல் பெய்தாலும் சிக்கல். அதே கரிசல் காட்டில், அதே மழையை நம்பித்தான் மல்லியும் விளைகிறது. ஆக, ஒரே ஒரு பெருமழை உங்கள் பொடியின் ரெண்டு முக்கியப் பொருட்களை ஒரே நேரத்தில் காலி செய்துவிடும்.

ஈரோட்டு மஞ்சள் கதையே வேறு. அது வாய்க்கால், கிணற்றுத் தண்ணீரில் வளர்கிற பயிர். வைகாசி, ஆனி வாக்கில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டுவார்கள். அங்கே அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. குண்டூர் மிளகாய்க்கு ஆந்திராவின் வாய்க்கால் பாசனமும், ஊரைச் சுற்றிக் குளிர்பதனக் கிடங்குகளும் இருக்கின்றன. கர்நாடகாவின் பியாடகி மிளகாயில் நிறம் அதிகம், காரம் குறைவு.

ஒரு நோட்டை எடுத்து மூணு பத்தி போடுங்கள். பொருள், விளையும் தாலுகா, தண்ணீர் எங்கிருந்து. ரெண்டாவது, மூணாவது பத்திகளில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால், உங்களுக்கு எத்தனை சப்ளையர் இருந்தாலும் ஒருத்தர் இருப்பது மாதிரிதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். முண்டு வத்தலுக்குப் பதில் குண்டூர் வத்தலை அப்படியே போட்டால் ருசி மாறும், வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் மாற்றுச் சரக்கை நெருக்கடி வந்த பிறகு தேடாதீர்கள். நல்ல காலத்திலேயே அஞ்சு கிலோ வாங்கி, என்ன விகிதத்தில் கலந்தால் நம்ம கைமணம் வருகிறது என்று பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளையரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

*‘இது எந்த ஊர் சரக்கு அண்ணாச்சி?’* ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குபவரிடமும், ‘எல்லா ஊரும்தான்மா’ என்று மழுப்புபவரிடமும் கொஞ்சம் உஷார். அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால், அவருக்குத் தெரியாதது நாளைக்கு உங்களுக்கும் தெரியாமல் போகும்.

*‘எங்கே காய வைக்கிறாங்க?’* மண் தரையிலா, ரோட்டோரத்திலா, சிமென்ட் களத்திலா, தார்ப்பாயிலா? முழு வத்தலில் ஈரப்பதம் 11 சதவீதத்தையும், முழு மஞ்சளில் 12 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அளவு. ஈரம் போகாத வத்தலில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லாவிட்டால் வத்தலைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே விதை சலசலக்கணும்.

*‘கடைசியா எப்போ மருந்து அடிச்சாங்க?’* மிளகாய்க்கு இலைப்பேன், சிலந்திப்பேன் தொல்லை அதிகம், அதனால் மருந்தும் அதிகம். அடித்த மருந்து, தேதி, பறித்த தேதி மூன்றையும் எழுதி வைக்கும் விவசாயி கிடைத்தால் விடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதனை செய்துவிடுங்கள்.

*‘மஞ்சளைப் பொடியா தர்றீங்களா, கிழங்கா தர்றீங்களா?’* எப்போதும் கிழங்காகவே கேளுங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைச் சேர்க்கும் மோசடி உண்டு. வங்கதேசத்தில் இது பெரிய அளவில் நடந்ததை 2019-ல் வெளியான ஆய்வுகள் காட்டிக்கொடுத்தன. கிழங்கின் மேலேயே சாயம் பூசுவதும் உண்டு. அதனால் உடைத்து உள் நிறத்தையும் பாருங்கள். பளபளப்பு வெளியே மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

*‘உங்க பக்கம் விளையலைன்னா என்ன பண்ணுவீங்க?’* இதுதான் முக்கியமான கேள்வி. ‘அதெல்லாம் பாத்துக்கலாம்மா’ என்பவரைவிட, ‘பரமக்குடிப் பக்கம் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட எடுத்துத் தருவேன், ஆனா விலை கூடும்’ என்பவர் மேல்.

‘ஆர்கானிக்’ என்று சொன்னால் போதுமா?

போதாது, சான்று வேண்டும். ரெண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பி.ஜி.எஸ். இந்தியா. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துக்கொள்ளும் முறை இது. மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு ‘கிரீன்’, முழுசாக மாறிய பிறகு ‘ஆர்கானிக்’ என்று சான்று தருவார்கள். இன்னொன்று, மூன்றாம் தரப்பு அமைப்பு ஆய்வு செய்து தரும் என்.பி.ஓ.பி. சான்று. தமிழ்நாட்டில் இதற்குக் கோவையில் அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை இருக்கிறது. எந்தச் சான்றாக இருந்தாலும் பயிரின் பெயர், செல்லுபடியாகும் தேதி ரெண்டையும் பாருங்கள். நெல்லுக்கு வாங்கிய சான்றைக் காட்டி மிளகாயை விற்கப் பார்ப்பவர்களும் உண்டு!

சான்று இல்லாதவர் எல்லாம் மோசம் என்றும் இல்லை. பயிரை மாற்றி மாற்றிப் போடுகிறாரா, தொழு உரம் வைக்கிறாரா, வரப்பில் ஆமணக்கு மாதிரிப் பொறிப்பயிர் நிற்கிறதா என்று ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். மண்ணைக் கவனிக்கிறவர்தான் அஞ்சு வருஷம் கழிச்சும் உங்களுக்குச் சரக்கு தருவார்.

எங்கே தேடுவது?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நல்ல ஆரம்பம். நிறைய விவசாயிகளின் சரக்கைச் சேர்த்து, தரம் பிரித்து, பில் போட்டுத் தருவார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு ஒரு நாள் போய் நின்று பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் எட்டிவயலில் மிளகாய்க்கென்றே சந்தை இருக்கிறது. ஆனால், ஒரே தாலுகாவில் ரெண்டு நிறுவனங்களைப் பிடித்தால் பழைய கதைதான், ஞாபகம் இருக்கட்டும்.

மொத்தத் தேவையில் பாதிக்கு மேல் ஒருவரிடம், மீதியில் பெரும்பங்கு வேறு மழை பெய்யும் ஊரில் ஒருவரிடம், கொஞ்சம் புதியவரிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். அறுவடை நேரத்தில் ரெண்டு மாதச் சரக்கைக் கூடுதலாக வாங்கி, நன்றாகக் காயவைத்து இருப்பு வைப்பதும் ஒரு காப்பீடு மாதிரிதான்.

நாம நல்ல வாடிக்கையாளரா?

சப்ளையரை நாம் தேர்ந்தெடுக்கிற மாதிரி, அவரும் நம்மைத் தேர்ந்தெடுக்கிறார். 2023 தொடக்கத்தில் ஈரோட்டில் குவிண்டால் ஏழாயிரம் ரூபாய் வாக்கில் போன மஞ்சள், அடுத்த வருஷமே ரெண்டு மடங்கைத் தாண்டியது. விலை சரிந்தபோது பேரம் பேசி அழுத்தியவர்களுக்கு, ஏறியபோது விவசாயிகள் போனையே எடுக்கவில்லை என்றால் அதில் என்ன அதிசயம்?

அதனால் ‘இதுக்குக் கீழ போனா நான் இந்த விலை தர்றேன், இதுக்கு மேல போனா நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுங்க’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், சொன்ன தேதியில் பணம் கொடுப்பது. தட்டுப்பாடு வரும்போது கடைசி பத்து மூட்டை யாருக்குப் போகும் தெரியுமா? பாக்கி வைக்காதவருக்குத்தான்.

அண்ணி இப்போது விளாத்திகுளத்தில் ஒரு விவசாயிகள் குழு, பரமக்குடிப் பக்கம் ஒருவர், குண்டூர் சரக்குக்கு ஒரு கடை என்று மூணு இடத்தில் வாங்குகிறார். கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. “வீண் செலவா இல்லையா அண்ணி?” என்று கேட்டேன்.

போன ஐப்பசியில் விளாத்திகுளத்திலிருந்து வந்த போனைப் பற்றிச் சொன்னார். “தங்கச்சி, ராத்திரி பேய் மழை. காட்டுல தண்ணி நிக்குது. பத்து நாள்ல நிலவரம் சொல்றேன், அதுக்குள்ள நீங்களும் வேற எடத்துல சொல்லி வைங்க”ன்னு அந்த அண்ணன் சொன்னாராம்.

“அந்த போனுக்குத்தான் கிலோவுக்குப் பத்து ரூபா கூடக் கொடுக்கறேன்” என்றார் அண்ணி. கையில் மீட்டுவந்த வளையல் கிடந்தது.