நம்ம ஊர் இதழில் என்ன எழுதலாம்?

சிதம்பரத்துப் பள்ளி மாணவர்களே, இதழ் தொடங்கப் போகிறீர்களா? சினிமா செய்தி எல்லார் மொபைலிலும் இருக்கிறது. உங்கள் ஊரில் மட்டுமே கிடைப்பதை எழுதுங்கள்!

* 1965 ஜனவரி 27. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியானார் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன். அன்று அங்கே படித்தவர்களுக்கு இப்போது 80 வயதிருக்கும். உங்கள் தெருவிலேயே ஒரு தாத்தா இருக்கலாம். தள்ளிப்போடாமல் கேட்டு எழுதிவிடுங்கள்.

* 2004 சுனாமியின்போது அலையாத்திக் காடு எப்படிக் காத்தது? பிச்சாவரம் படகோட்டிகள் சொல்வார்கள்.

* பிளஸ் டூவுக்குப் பிறகு கடல் உயிரியலா? பரங்கிப்பேட்டை ஆய்வு மையத்து மாணவர்களிடம் பேசுங்கள்.

* கல்லூரி விடுமுறையில் ஜெராக்ஸ் கடைக்காரர் எப்படிச் சமாளிக்கிறார்?

பெயர், போட்டோ போடுவதற்கு முன் சம்மதம் கேட்க மறக்காதீர்கள்!