நெரிசலுக்கும் மலைக்கும் ஒரே கார்

கோயம்புத்தூரில் கார் வாங்கும் குடும்பம் இரண்டு சாலைகளை மனத்தில் வைத்தே ஷோரூமுக்குப் போகிறது. ஒன்று, வேலை நாட்களில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகரும் ஊர்ச் சாலை. மற்றொன்று, நீண்ட விடுமுறை வந்தால் மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டிக்கு ஏறும் மலைப்பாதை. முதலாவதற்குச் சின்ன கார் போதும், இரண்டாவதற்கு நல்ல 'பவர்' உள்ள பெரிய வண்டி வேண்டும் என்பது பரவலான எண்ணம். இயற்பியல் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இரண்டு சாலைகளிலும் கார் பெரும்பாலும் முதல் மூன்று கியர்களுக்குள்தான் ஓடுகிறது. ஆகவே ஒன்றுக்குத் தோதான குணங்கள் பல மற்றதற்கும் தோதானவை.

நான்கு பேரும் அவர்களது பெட்டிகளும் ஏறிய ஒரு சிறிய எஸ்யூவியின் எடையைச் சுமார் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அது சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சீராக ஓடும்போது, டயரின் உருளல் தடையையும் காற்றின் எதிர்ப்பையும் வெல்லத் தேவைப்படுவது ஏறத்தாழ 1.1 கிலோவாட், ஒன்றரை குதிரைத்திறன்தான். அதே கார் நான்குவழிச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போக 13 அல்லது 14 கிலோவாட் வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான மலைச்சாலையில் 30 கி.மீ. வேகத்தில் ஏறவோ? அதற்கும் அதே 14 கிலோவாட்தான், அதாவது 19 குதிரைத்திறன். இன்று விற்கும் சாதாரண ஹேட்ச்பேக் கார்களிலேயே எண்பது குதிரைத்திறன் வரை இருக்கிறது. மலை ஏறத் திறன் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் கொண்டை ஊசி வளைவில் சில கார்கள் ஏன் மூச்சு வாங்குகின்றன? திறன் என்பது முறுக்குவிசையையும் என்ஜின் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன், என்ஜின் நிமிடத்துக்கு 5,500 அல்லது 6,000 முறை சுழலும்போது கிடைப்பது. வளைவில் வேகம் குறைந்து என்ஜின் 1,500 சுற்றுக்கு இறங்கிவிட்ட நேரத்தில் அந்த எண்ணால் பயன் இல்லை. அப்போது கை கொடுப்பது 'டார்க்' எனப்படும் முறுக்குவிசை. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் சுமார் 110 நியூட்டன்-மீட்டர் தருகிறது. அதன் உச்சம் கிடைப்பதும் 4,000 சுற்றைத் தாண்டித்தான். ஹூண்டாயின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் 172 நியூட்டன்-மீட்டரை 1,500 சுற்றிலிருந்தே தருகிறது. அதே நிறுவனத்தின் 1.5 லிட்டர் டீசல் 250 தருகிறது. ஓட்டுநர்கள் 'இழுவை' என்று சொல்வது இதைத்தான். இந்த இழுவை நெரிசலிலும் உதவும்; கியரை அடிக்கடி மாற்றும் வேலை குறையும். டர்போ இல்லாத காரை வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு கியரைக் குறைத்து, என்ஜினைக் கொஞ்சம் சத்தம் போட விட்டால் போதும். என்ஜின் கெட்டுப்போகும் என்று பயந்து மூன்றாம் கியரிலேயே அதைத் திணறடிப்பதுதான் கெடுதல்.

உயரமும் ஒரு பங்கு வகிக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் அந்தக் காற்றை உள்ளிழுத்தே பெட்ரோலை எரிக்க வேண்டியிருப்பதால் திறனும் அதே அளவில் குறைகிறது. டர்போ, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது.

வேலை நாட்களின் கணக்கு வேறு. எண்பது குதிரைத்திறன் என்ஜினிடம் ஒன்றரை குதிரைத்திறன் வேலை வாங்குவது எரிபொருளை வீணடிக்கும் வழி. நல்ல பெட்ரோல் என்ஜின், தகுந்த சுமையில் ஓடும்போது எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இயக்கமாக மாற்றும். நெரிசலில் அது பாதியாகவும் அதற்குக் கீழும் போய்விடும். வண்டி நிற்கும்போது மைலேஜ் சுழியம். வெயில் காலத்தில் ஏசி கம்ப்ரஸர் கேட்கும் திறன், நெரிசலில் காரை நகர்த்தத் தேவையான திறனுக்குச் சமமாகவும் சில நேரம் அதை மிஞ்சியும் இருக்கும். ஷோரூமில் சொல்லும் மைலேஜ், ஆய்வகத்தில் உருளைகளின்மேல் காரை ஓட்டி அளந்தது. அந்தச் சோதனையின் உச்ச வேகமே 90 கி.மீ.தான், ஏசி அணைந்திருக்கும். ஒரு காரை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் உதவும். மாத பெட்ரோல் செலவைப் போட அதை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

டீசல் காரின் இழுவையில் மயங்குபவர் தம் தினசரித் தூரத்தைப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி டீசல் கார்களில் இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது அதிக வெப்பத்தில் எரித்துத் தள்ள வேண்டும். அதற்குக் கார் சிறிது நேரமாவது நல்ல வேகத்தில் சீராக ஓட வேண்டும். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் அலுவலகம், அதுவும் நெரிசலில் என்றால் அந்த வாய்ப்பு கிடைக்காமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். தினமும் நெடுஞ்சாலையில் போய் வருபவருக்கு டீசல் பொருத்தம். சிஎன்ஜி கார் செலவில் சிக்கனம். ஆனால் திறன் குறையும், டிக்கியில் சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மலைப் பயணத்துக்குப் பெட்டி வைக்க இடம் தேடுபவர் அதைக் கவனிக்க வேண்டும்.

கியர் விஷயத்தில் நெரிசல் ஆட்டோமேட்டிக் பக்கம் தள்ளுகிறது. ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒன்றல்ல. 2014-இல் மாருதி செலெரியோ வழியாக இந்தியாவில் பரவிய ஏஎம்டி, சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சை இயந்திரக் கையால் அழுத்துவது. விலை குறைவு, மைலேஜ் நன்று, கியர் மாறும்போது தலை ஒருமுறை முன்னே போய் வரும். டார்க் கன்வெர்ட்டர், எண்ணெயின் வழியே சுழற்சியைக் கடத்துவதால் ஊர்ந்து போவதிலும் ஏற்றத்தில் கிளம்புவதிலும் மெத்தென்று இருக்கும். சிவிடி நகரில் சுகம். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் என்ஜின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பிறகுதான் வரும். உலர் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் நெடுஞ்சாலையில் அருமை. ஏற்றத்தில் நின்று நின்று ஊரும் நெரிசலில் சூடேறும். இந்த இரண்டு சாலைகளுக்கும் சேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் டார்க் கன்வெர்ட்டருக்கே முதலிடம். எதுவானாலும் டெஸ்ட் டிரைவின்போது நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, மேம்பாலத்தின் ஏற்றத்தில் முழுதாக நிறுத்திக் கிளப்பிப் பார்க்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருள்கிறதா, ஓரிரு நொடி பிடித்து நிறுத்தும் வசதி இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். விற்பனையாளர் ஏற்பாடு செய்திருக்கும் சமதளச் சுற்றில் இது தெரியாது.

ஏறுவதைவிட இறங்குவதே காருக்குக் கடினமான தேர்வு. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வேறுபாடு சுமார் 1,900 மீட்டர். நாம் எடுத்துக்கொண்ட 1,500 கிலோ கார் மேலே நிற்கும்போது அதனிடம் தேங்கியிருக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 28 மெகாஜூல், அதாவது 7.8 கிலோவாட்-மணி. சாதாரண வெப்பநிலையில் உள்ள 95 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஐம்பது கிலோமீட்டர் இறக்கத்தில் இதில் மூன்றில் ஒரு பங்கை டயர்களும் காற்றும் தின்றுவிடும். மிச்சம் முழுவதையும் பிரேக்கோ என்ஜினோ ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் கட்டினால் தட்டுகளும் பட்டைகளும் பழுக்கச் சூடாகும், உராய்வு குறையும், எரிந்த வாடை வரும். வெப்பம் பிரேக் எண்ணெய்க்கும் பரவும். டாட்-3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட்-4 என்றால் 230. ஆனால் இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லைகள் 140, 155 என்று இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். ஆகவே பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. பிரேக் எண்ணெயை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது சர்வீஸ் பில்லைக் கூட்டும் தந்திரம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். மலைக்குப் போகும் காரில் அது தவிர்க்கக் கூடாத செலவு.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஆக்சிலரேட்டரை விட்டுக் குறைந்த கியரில் இறங்கும்போது சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. அந்த வேலையில் கார் தன் ஆற்றலை இழக்கிறது. இன்றைய கார்களில் அந்நேரம் பெட்ரோல் பாய்வதும் முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில் இறங்கினால் என்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள எரிபொருளைக் குடித்தபடி இருக்கும். ஆகவே நியூட்ரலில் மிச்சம் என்ற கணக்கே தவறு, ஆபத்து தனி. ஆட்டோமேட்டிக் காரில் 'டி'யை மட்டும் நம்பாமல் கியரைக் கையால் குறைக்கும் வசதி, அல்லது 'எல்' நிலை இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

மின்சார காருக்கு இதே இறக்கம் வரவு. மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பிரேக்கில் வெப்பமாகப் போக வேண்டியதைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏறும்போது சுமார் 12 கிலோவாட்-மணி செலவாகும். சமதளத்தில் அதே தூரத்துக்கு ஆகும் செலவைப் போல அது கிட்டத்தட்ட இரு மடங்கு. இறங்கும்போது மூன்று முதல் நான்கு வரை திரும்பக் கிடைக்கும். 2020-இல் வந்த முதல் டாடா நெக்ஸான் மின்காரின் பேட்டரி 30.2 கிலோவாட்-மணி என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்னத் தொகை இல்லை. ஒரு சூட்சுமம் உண்டு: ஊட்டி விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டாரின் பிடிப்பும் குறைந்துவிடும். எண்பது சதவீதத்தோடு இறங்குவதே சரி. ஹைபிரிட் கார்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நகர நெரிசலுக்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை. நின்று நகரும் ஒவ்வொரு முறையும் சிறு சேமிப்பு. ஆனால் மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பேட்டரி ஒரு கிலோவாட்-மணிக்கும் குறைவு. மலையின் ஆற்றலில் சிறு பகுதியிலேயே அது நிரம்பிவிடும். அதன் பிறகு 'பி' நிலையில் என்ஜினைச் சுழல விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

உடலமைப்பில் எஸ்யூவி மோகம் சற்று அதிகமாகவே இருக்கிறது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி வேகத்தடைக்கும் மழைநீர் தேங்கிய சாலைக்கும் உதவும் என்பது மெய். உயரம் கூடினால் எடை மையமும் ஏறும், வளைவில் உடல் சாயும். நீளமான காருக்குத் திரும்பும் வட்டமும் பெரிது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலோ வால்பாறையின் நாற்பதிலோ சிறிய ஹேட்ச்பேக் தன் பாதியிலேயே திரும்பிவிடும் இடத்தில், பெரிய வண்டி எதிர்ப்பாதையைக் கடன் வாங்க வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து மேலிருந்து பஸ் வரும். நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு என்ற விதியால் இந்தியச் சந்தை சின்ன கார்களால் நிறைந்திருப்பது மலைப்பாதைக்கு ஒரு வகையில் நல்லதே. இழப்பு டிக்கியில்தான்.

டயர் அழுத்தம் பற்றி ஒரு குழப்பம் உண்டு. மேலே காற்றழுத்தம் குறைவதால் டயர் உப்பிவிடும், கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட வேண்டும் என்பார்கள். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ஊட்டியில் சுமார் மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கே வெப்பநிலை 15 டிகிரி என்றால் உள்ளே உள்ள காற்று சுருங்கி ஏறத்தாழ அதே அளவைக் குறைத்துவிடுகிறது. இரண்டும் கழிந்து 33-ஐ ஒட்டியே நிற்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, கிளம்பும் முன் டயர் சூடேறாத நிலையில் நிரப்பினால் போதும்.

மலைப் பயணம் இனிமையாக இருப்பது பின்சீட்டில் இருப்பவர்களின் வயிற்றைப் பொறுத்தது. உள்காது அசைவை உணர்கிறது. கண்ணோ செல்போன் திரையையோ முன்சீட்டின் முதுகையோ பார்த்து அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலைத் தூண்டுகிறது. அடுத்த திருப்பம் எப்போது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் ஓட்டுபவருக்கு இது அரிதாகவே வரும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும் முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கி.மீ. வேகத்தில் கடந்தால் அது புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு. 30 கி.மீ. ஆனால் பாதியைத் தாண்டிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போன பிறகு பிரேக்கைத் தொடாமல், வெளியேறும்போது மெல்ல மிதித்தால் பயணிகளுக்கு வளைவே தெரியாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற சாலை விதியும் இந்தச் சீரான ஓட்டத்துக்கு உதவுவதே.

குமட்டும் பழக்கமுள்ளவரை முன்சீட்டில் உட்கார்த்தி, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்வது நல்ல பலன் தரும். மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு, மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போடும் மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. இவற்றில் பெரும்பாலானவை தூக்கத்தை வரவழைப்பவை என்பதால் ஓட்டுபவர் போட்டுக்கொள்ளக் கூடாது.