லீவில் உருகிய கறி... திறக்கும்போது கல் மாதிரி! காட்டிக் கொடுக்கிறது "குட்டிக் காவல்காரன்"

மூன்று நாள் லீவு. கறிக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறார். பூட்டுவதற்கு முன் கோல்டு ரூம் மீட்டரைப் பார்க்கிறார். மைனஸ் 18 டிகிரி. நிம்மதியாக ஊருக்குக் கிளம்புகிறார்.

மறுநாள் கரண்ட் போகிறது. ஒரு பகல், ஒரு ராத்திரி வரவே இல்லை. உள்ளே பாதி சரக்குதான். கறி உருகுகிறது. பிறகு கரண்ட் வருகிறது. கம்ப்ரசர் ஓடுகிறது. உருகியது திரும்ப உறைகிறது.

லீவு முடிந்து கடையைத் திறந்தால் மீட்டரில் அதே மைனஸ் 18! கறி கல் மாதிரி இருக்கிறது. "பூட்டும்போதும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்பவும் நல்லாத்தானே இருக்கு!" என்று வியாபாரம் தொடங்குகிறது.

நடுவில் நடந்தது யாருக்குத் தெரியும்?

குளிர் கிருமியைக் கொல்லாது. தூங்கத்தான் வைக்கும். உருகிய நேரத்தில் பெருகிய கிருமி, திரும்ப உறைந்தாலும் உள்ளேயேதான் இருக்கும். வாங்கிச் சாப்பிட்டவருக்கு வயிற்றுப்போக்கு. கடைக்காரருக்குக் கெட்ட பெயர்!

இதைக் காட்டிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறது சென்சார். சில நிமிடத்துக்கு ஒரு முறை குளிரையும் ஈரப்பதத்தையும் அளந்து, மணியோடு குறித்து வைக்கும். அளவு தாண்டினால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் சென்சார்களும் உண்டு.

எத்தனை டிகிரி?

உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குளிர வைத்து விற்கும் உணவு 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. இது உணவுப் பாதுகாப்பு விதி.

மருந்துக் கடையில் தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி. அங்கே குளிர் கூடினாலும் ஆபத்துதான். சில தடுப்பூசிகள் உறைந்தால் வீண்!

வாழைப்பழத்துக்கு 13 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும்.

திருடனையே காவலுக்கு வைப்பதா?

கதவில் ஏற்கனவே மீட்டர் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று பலரும் கேட்பது உண்டு.

கம்ப்ரசரை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரு சென்சார். பெரும்பாலும் அது சொல்வதைத்தான் கதவு மீட்டரும் காட்டும். அந்த சென்சார் கெட்டுப் போய்ப் பொய் சொன்னால், மீட்டரும் சேர்ந்து பொய் சொல்லும். திருடனையே காவலுக்கு வைத்த கதைதான். காவல் பார்க்க வேறு ஒரு சென்சார், தனி ஒயரில் வேண்டும்.

எங்கே மாட்டுவது?

விசிறி குளிர்காற்றை ஊதும் இடத்தில் மாட்டினால், சரக்கு உருகும்போதும் "எல்லாம் சரி" என்று காட்டும். கதவுப் பக்கம் மாட்டினால், ஆள் வந்து போகும்போதெல்லாம் அலறும். பல்புக்கு அருகிலும் கூடாது.

சரக்கின் உயரத்தில், காற்று சுற்றி வந்து திரும்பும் பக்கம் மாட்டுவது நல்லது. பெரிய அறைக்கு ஒன்று போதாது. கதவு ஓரம், மூலை என்று குளிர் குறையும் இடங்களுக்கும் தனியாக வேண்டும்.

ஒயருக்காகச் சுவரில் போட்ட ஓட்டையை நன்றாக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து பனிக்கட்டியாகப் பிடிக்கும். சென்சார் ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டினால் அளவு தாறுமாறாக ஆடும். ஒயர் இல்லாத சென்சார் என்றால், தகரச் சுவரைத் தாண்டி சிக்னல் வருகிறதா என்று கதவைச் சாத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

வெங்காயமும் கீரையும்

காய்கறி வியாபாரிக்குக் குளிர் மட்டும் போதாது. கீரைக்கு ஈரப்பதம் 95 சதவீதம் வரை வேண்டும். குறைந்தால் வாடும். எடையும் குறையும். வெங்காயத்துக்கோ 65 முதல் 70 சதவீதம் போதும். கூடினால் அழுகும். இரண்டையும் ஒரே அறையில் போட்டால் ஏதாவது ஒன்று நஷ்டம்!

சென்சார் சரியா?

மாட்டுவதற்கு முன் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் புகாத சென்சார் முனையை அதில் வையுங்கள். சில நிமிடத்தில் 0 டிகிரி காட்ட வேண்டும்.

ஈரப்பதத்துக்கு உப்பு இருக்கிறது! ஒரு மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் சென்சாரையும் காற்றுப் புகாத கவரில் ஒரு ராத்திரி வெளியே வையுங்கள். 75 சதவீதம் காட்டினால் சென்சார் சரி.

கரண்ட் போனால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில்தான் காவல்காரன் விழித்திருக்க வேண்டும். கடை கரண்டிலும் கடை வைஃபையிலும் ஓடும் சென்சார், கரண்ட் போனதுமே ஊமையாகிவிடும். ஆகவே பேட்டரியும் தனி சிம் கார்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம். காயிலில் பிடித்த பனியை உருக்க, மெஷின் அவ்வப்போது குளிரை நிறுத்தும். அப்போது சில நிமிடம் சூடு ஏறி இறங்கும். அதற்கெல்லாம் அலாரம் அடித்தால், "சும்மா கத்துது" என்று யாராவது அணைத்துவிடுவார்கள். அளவு தாண்டி அரை மணி நேரம் நீடித்தால் மட்டும் அடிக்கும்படி வைக்கலாம். முதலாளி போனுக்கு மட்டுமல்ல, சாவி வைத்திருக்கும் ஆள் போனுக்கும் தகவல் போக வேண்டும்.

ஒரு ரூபாய் வைத்தியம்

சென்சார் வாங்க இப்போது வசதி இல்லையா? ஒரு டம்ளர் தண்ணீரை பிரீசரில் உறைய வையுங்கள். அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். லீவு முடிந்து வந்ததும் பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சரக்கை விற்கக் கூடாது. கொட்டத்தான் வேண்டும்!